ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவரைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது?

தண்டையார்பேட்டையில் உங்களுடன் பணிபுரியும் இளையவர் ஒருவர், தம்மை 'அவன்' என்றோ 'அவள்' என்றோ சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பிற மொழிகளில் என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பின்னிஷ், துருக்கியம், வங்காளம் ஆகியவற்றின் படர்க்கைப் பெயர்களில் ஆண், பெண் வேறுபாடே இல்லை. சுவீடிஷில் 'ஹென்' என்ற பொதுச்சொல் 2015-இல் சுவீடிஷ் அகாதெமியின் அகராதியில் இடம்பெற்றது. இந்தியில்தான் பெருஞ்சிக்கல்: தன்னைப் பற்றிப் பேசும்போதே வினைமுற்று பெரும்பாலும் பாலைக் காட்டிவிடும்.

தமிழில் 'நான் போகிறேன்', 'நீ வந்தாய்' ஆகியவற்றில் பால் தெரியாது, சங்கடம் படர்க்கையில்தான். 'அவர் வந்தார்' இலக்கணப்படி பொருந்தும் என்றாலும், உரிமையோடு ஒருமையில் பேசிப் பழகிய நம் வடசென்னையில், இளையவரை 'அவர்' என்பது விலக்கி வைத்ததுபோல் ஒலிக்கலாம். அப்போது பெயரையே சொல்லி, 'மதி வந்தாச்சா?', 'மதிக்கு டீ வேணுமா?' என்று கேளுங்கள். வினையிலும் பால் தெரியாது.

'அது' மட்டும் வேண்டவே வேண்டாம். 'கொயந்த தூங்குது' என்பது கொஞ்சல். வளர்ந்தவரை 'அது வருது' என்பதோ, திருநங்கையர் காலங்காலமாகக் கேட்டு நொந்த இழிசொல்.

'அண்ணா', 'அக்கா' போன்ற விளிகளுக்குப் பொதுவடிவம் இன்னும் வழக்கில் ஊன்றவில்லை. எது பிடிக்கும் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.