இன்ஃபிளைட் எச்சரிக்கை: ரிம்ராஃபை எடுத்துவிடுங்கள்

நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) புராஜெக்டில், நீங்கள் சேர்க்காத இன்ஃபிளைட் என்ற பேக்கேஜைப் பற்றி என்பிஎம் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) எச்சரிப்பது நிற்க, ஃபோல்டரை அழிக்கும் பேக்கேஜான ரிம்ராஃபை நீக்கிவிடுங்கள். அந்த வேலைக்கு, ஃபைல்களைக் கையாளும் நோடின் எஃப்எஸ் மாடியூலிலேயே ஆர்எம் இருக்கிறது (நோட் 14.14 முதல்). ரிகர்சிவ், ஃபோர்ஸ் இரண்டுக்கும் ட்ரூ கொடுத்தால் போதும்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: ரிம்ராஃப் 3 குளோப் 7-ஐ (ஃபைல்களைத் தேடும் பேக்கேஜ்) இழுக்கிறது, அது இன்ஃபிளைட்டை இழுக்கிறது. இன்ஃபிளைட்டுக்குப் பராமரிப்பு நின்றுவிட்டது, மெமரியும் கசியும். ஒரு ஃபோல்டரை அழிக்க முகம் தெரியாத இத்தனை பேரின் கோட் உங்கள் பில்டில் ஓட வேண்டியதே இல்லை.

உறுதி செய்ய, என்பிஎம் எக்ஸ்ப்ளெயின் கட்டளைக்கு இன்ஃபிளைட் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். யார் யாரை இழுத்தது என்று வரிசையாகக் காட்டும். அதில் ஜெஸ்ட் 29 (டெஸ்ட் ஓட்டும் கருவி) தெரிந்தால் ரிம்ராஃபை எடுத்தும் எச்சரிக்கை போகாது. ஜெஸ்டை 30-க்கு ஏற்றினாலும் அது முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது. சின்ன புராஜெக்ட் என்றால் நோடின் சொந்த டெஸ்ட் ரன்னரே போதும்.

அப்புறம், உங்கள் புராஜெக்டில் ஆக்சியோஸும் (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் பேக்கேஜ்) இருந்தால், அதே வேலைக்கு நோட் 18 முதல் ஃபெட்ச் உள்ளேயே வருகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். சர்வரிடமிருந்து 404, 500 போன்ற பிழை எண்கள் வந்தால் ஆக்சியோஸ் பிழை எறியும், ஃபெட்ச் எறியாது. ஒவ்வொரு அழைப்பிலும் ரெஸ்பான்ஸின் ஓகே மதிப்பை நீங்களே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கேட்ச் பகுதிக்கு அந்தப் பிழைகள் வந்து சேராது.