சுண்டுவிரலை விட்டுவிட்டு மற்றவை மரத்துப்போனால்...

கேள்வி: எனக்கு வயது 44. சில மாதங்களாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், ஊசி குத்துவது போல இருக்கிறது. நடுராத்திரியில் விழித்துக் கையை உதறினால் சரியாகிறது. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. ரத்த ஓட்டக் குறைவா? நரம்புச் சத்து மாத்திரை போட்டும் பலனில்லை.

பதில்: சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் பொதுவாக விரல் வெளுக்கும், சில்லிட்டுப்போகும். இப்படி மூன்று விரலை மட்டும் பொறுக்கியெடுத்துப் படுத்துவது நரம்பின் வேலை. அந்த மூன்றுக்கும், மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது மீடியன் நரம்பு. மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதையில், 9 தசைநாண்களோடு இடித்துப்பிடித்துக்கொண்டு அது உள்ளங்கைக்குள் நுழைகிறது. அங்கே லேசாக வீங்கினாலே நரம்பு நசுங்கும். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்பார்கள். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால்தான் ராத்திரியில் தொல்லை கூடுகிறது. கையை உதறினால் தேவலை என்பதும் இதன் அடையாளமே.

சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையையும், கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தெலும்பையும் சந்தேகிப்போம். பாதங்களும் சேர்ந்து மரத்தால் சர்க்கரை நோயையோ, வைட்டமின் பி12 குறைவையோ சந்தேகிப்போம். திடீரென ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது வேறு கதை. பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

உங்களுக்கு முதலில் தேவை, தூங்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட். ஆறு வாரமாவது விடாமல் போடுங்கள்; இரண்டு நாளில் கழற்றி எறிபவர்கள்தான் அதிகம். கூடவே சர்க்கரை, தைராய்டு, பி12 பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறையாவிட்டால் நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று கண்டறியும் பரிசோதனை, அப்புறம் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் மசியாவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை.

நீங்கள் போட்ட நரம்புச் சத்து மாத்திரை அட்டையில் வைட்டமின் பி6 எவ்வளவு என்று பாருங்கள். அதிக அளவில் மாதக்கணக்காகப் போட்டால் பி6 தானே நரம்பைக் கெடுத்து விரலை மரக்க வைக்கும்! பி12 குறைவு என்று தெரிந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ ஆறு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள்.