மடிக்கணினியில் ஒரு விசை மட்டும் மக்கர் செய்தால்: கேள்வி பதில்

திருப்பாதிரிப்புலியூரில் பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: ஐயா, தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். ‘எஃப்’ விசையை ஓங்கி அழுத்தினால்தான் புள்ளி விழுகிறது. விசைப்பலகையையே மாற்ற வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். தமிழ்99 முறையில் மெய்யெழுத்துக்கான புள்ளி ‘எஃப்’ விசையில் இருப்பதால், அடிக்கடி அழுத்தப்படும் அது மற்ற விசைகளுக்கு முன்பே தளர்வது இயல்புதான். எழுத்து அச்சிட்ட மூடிக்குக் கீழே கத்தரிக்கோல் போல மடங்கும் பிளாஸ்டிக் கிளிப்பும், அதன் நடுவில் சிறு ரப்பர் குமிழும், அதற்கும் அடியில் மின்தடங்கள் வரைந்த மெல்லிய தாள்களும் இருக்கின்றன; குமிழ் அமுங்கி மேல்தாளைக் கீழ்த்தாளோடு தொடவைக்கும்போதுதான் எழுத்து விழுகிறது.

கணினியை முழுமையாக நிறுத்தி, சார்ஜரை எடுத்து, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் கழற்றிவிடுங்கள். பிறகு கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இருந்து வரும் கணினிகளில், மூடிக்கடியில் ஒட்டியிருக்கும் நுண்மணல்தான் பல முறை குற்றவாளியாக இருந்திருக்கிறது. அதில் சரியாகாவிட்டால், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் மூடியை ஒரு மூலையிலிருந்து நெம்புங்கள். கொக்கி இருக்கும் பக்கம் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், இறுக்கமாகத் தோன்றினால் வலுக்கட்டாயம் செய்யாமல் வேறு மூலையிலிருந்து முயலுங்கள். கிளிப்பின் காது ஒடிந்துவிட்டால் மூடி மறுபடி நிற்காது.

அடுத்து, கணினியை இயக்கி, குமிழை மட்டும் விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். புள்ளி ஒழுங்காக விழுந்தால் குறை கிளிப்பில் இருக்கிறது. விழாவிட்டால் குறை குமிழிலோ தாளிலோ இருக்கிறது. குமிழ் கிழிந்திருந்தால், நீங்கள் தொடாத ஏதேனும் ஒரு விசையின் குமிழ் அதே அளவில் தனியாகப் பெயர்ந்து வருமானால், அதை இங்கே மாற்றி வைக்கலாம். உடனே ஒட்டும் பசையை மட்டும் தயவுசெய்து அருகில் கொண்டுவராதீர்கள். அது கசிந்து கிளிப்பை அசையவிடாமல் செய்துவிடும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: ஐந்தாறு எழுத்துகள் ஒரே நாளில் நின்றுவிட்டன. அவை அடுத்தடுத்த எழுத்துகளும் அல்ல.

விசைகள் குறுக்காகவும் நெடுக்காகவும் ஓடும் தடங்களில் பின்னப்பட்டிருப்பதால், ஒரு தடம் அறுந்தால் அதில் உள்ள விசைகள் அனைத்தும் சேர்ந்தே நின்றுவிடும். ஆகவே தனித்தனி மூடிகளைக் கழற்றிப் பயனில்லை. முதலில் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில், விசைப்பலகையிலிருந்து வரும் ரிப்பன் கேபிள் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்றில் அதன் முனை மங்கியிருந்தால், இணைப்பின் பூட்டைத் திறந்து கேபிளை உருவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் நேராகச் செருகிப் பூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தாளுக்குள் தடம் அறுந்திருக்கும். விசைப்பலகையை மாற்றுவதே வழி. பழைய மாடல்கள் பலவற்றில் சில திருகாணிகளோடு வேலை முடிந்துவிடும். மேல்மூடியோடு உருக்கி ஒட்டப்பட்டிருந்தால் கடையில் கொடுத்துவிடுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, ‘யு’, ‘ஐ’, ‘ஓ’ தட்டினால் 4, 5, 6 விழுகிறது.

பழுது ஏதும் இல்லை, தங்கையே. சில எழுத்து விசைகளை எண் விசைகளாக மாற்றும் நம்லாக் இயங்கிக்கொண்டிருக்கிறது. எஃப்என் (Fn) விசையோடு நம்லாக் விசையை அழுத்துங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: தேநீர் சிந்தியதிலிருந்து ஒரு விசை தானாகவே எழுத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. நாளை விண்ணப்பம் அனுப்ப வேண்டும்.

சர்க்கரை உள்ளே காய்ந்திருந்தால் மேலே துடைப்பதால் பெரும்பாலும் குணமாகாது. கோப்புகளை முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் பவர்டாய்ஸ் மென்பொருளின் விசை மாற்றும் பகுதியில் அந்த விசையைச் செயலிழக்கச் செய்து, யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகினால் நாளைய வேலையை முடிக்கலாம். அந்த விசை யுஎஸ்பி விசைப்பலகையிலும் இயங்காது என்பதால், அதே எழுத்து வேண்டும்போது வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஆனால் பவர்டாய்ஸ் உள்நுழைந்த பிறகே இயங்கும் என்பதால், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அந்த விசை இடைஞ்சல் செய்யும். எனவே விண்ணப்பம் அனுப்பும்வரை கணினியை அணைக்காதீர்கள். அனுப்பியதும் அணைத்து, தேநீர் மதர்போர்டுவரை இறங்கியிருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.