வாசகர் கேள்வி – பதில்: விக்டோரியா வீட்டில் அறை போடும் முன்

கே: மே மாதம் இங்கிலாந்து போகிறோம். விக்டோரியா காலத்து வீட்டைப் புதுப்பித்து நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் தங்க ஆசை. முழங்கால் வலியுள்ள அம்மாவும் வருகிறார். என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
– வாசகி, மதுரை

ப: முதலில் மாடிப்படி. விக்டோரியா ஆண்ட 1837–1901 காலத்து நகர வீடுகள் பல, ஒடுங்கி உயர்ந்தவை. லிஃப்ட் அபூர்வம். பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் அமைப்பை மாற்ற உள்ளாட்சி அனுமதி வேண்டும். உச்சி மாடி அறைகளில் அந்நாளில் பெரும்பாலும் வேலைக்காரர்கள்தான் படுத்தார்கள். படி செங்குத்து, சரிந்த கூரை தலையில் இடிக்கும். வாடகை மலிவாக இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். அம்மாவுக்குத் தரைத்தள அறை கேளுங்கள். வாசலில் எத்தனை படி என்றும் கேளுங்கள்.

'என்ஸ்வீட்' என்றால் குளியலறை அறைக்குள்ளேயே. 'பிரைவேட்' என்றால் உங்களுக்கு மட்டும்தான், ஆனால் நடைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். மின்சாரம் நம்மூர் போல 230 வோல்ட். பிளக்குக்கு மூன்று சப்பைக் கால் என்பதால் அடாப்டர் மட்டும் போதும்.

கே: போன முறை ஜன்னலைத் தூக்கவே முடியவில்லை. இரவெல்லாம் புழுக்கம்!
– வாசகர், கோவை

ப: அது 'சாஷ்' ஜன்னல். இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் நகரும். பக்கவாட்டுப் பெட்டிக்குள் இரும்பு எடைகள், கிணற்று வாளி போல, கப்பிக் கயிற்றில் தொங்குகின்றன. சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் பித்தளைக் கொண்டி இருக்கும்; அதைத் திருப்பாமல் எவ்வளவு முக்கினாலும் அசையாது. பிறகு இரு கையாலும் சமமாகத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கோணிச் சிக்கும். கீழ்ச்சட்டத்தை நாலு விரல் தூக்கி, மேல்சட்டத்தை நாலு விரல் இறக்கினால், சூடான காற்று மேலே வெளியேறும், குளிர்ந்தது கீழே நுழையும். மாடியில் 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தடை வைத்திருப்பார்கள், அது பழுதல்ல. கொண்டி திறந்தும் அசையாவிட்டால் பெயின்ட் ஒட்டியிருக்கலாம். தூக்கியது நிற்காமல் சரிந்தால் கயிறு அறுந்திருக்கும், விரல் பத்திரம். இரண்டுக்கும் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

கே: காலை உணவில் சைவம் கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

ப: கிடைக்கும். ஆனால் அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை உண்டு. "முட்டையும் வேண்டாம், தனி வாணலியில் வதக்குங்கள்" என்று அறை போடும்போதே எழுதுங்கள். பீன்ஸ், காளான், சுட்ட தக்காளி, டோஸ்ட் வரும். 'பிளாக் புட்டிங்' இனிப்பல்ல, பன்றி ரத்தத்தில் செய்தது. கொஞ்சம் இட்லிப்பொடி கொண்டுபோனால் டோஸ்ட்டுக்கு நன்றாகவே சேரும்.