ஹைப்ரிட்டா, ஏடபிள்யூடியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மிச்சிகன் வாசகர்): வணக்கம் சார். டெட்ராய்ட் பக்கம் கான்டன்ல இருக்கோம், நான், மனைவி, ரெண்டு பசங்க. ஃபோர்டு மேவரிக் பிக்கப் வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு, ஆனா எந்த மேவரிக்குன்றதுல தான் வீட்ல இழுபறி. ரெண்டு 2023 வண்டி கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்திருக்கு. ஒண்ணு ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோட பேட்டரி மோட்டாரும் சேந்தது), ஃப்ரண்ட் வீல் டிரைவ். இன்னொண்ணு 2.0 ஈகோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சின், ஏடபிள்யூடி, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும். மனைவி ஹைப்ரிட்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. ஆபீஸ்ல எல்லாரும் மிச்சிகன்ல ஏடபிள்யூடி இல்லாம பிக்கப்பா, ஸ்னோல மாட்டிப்பீங்கன்னு சொல்றாங்க. வேலைக்கு ஒரு வழி 28 மைல், பாதிக்கு மேல ஃப்ரீவே, சாயந்திரம் திரும்பும்போது நின்னு நின்னு தான் நகரும். வருஷத்துக்கு 15,000 மைல் ஓடும். வீக்எண்ட்ல தோட்டத்துக்கு மண்ணு, மல்ச் ஏத்துவோம். அடுத்த சம்மருக்குள்ள ஒரு பாப்-அப் கேம்பர் (வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போய் டென்ட் மாதிரி விரிக்கிற டிரெய்லர்) வாங்கணும்னு ஆசை, இன்னும் எதையும் போய்ப் பாக்கல. எதை எடுக்கட்டும்?

பதில்: தம்பி, உங்க கடிதத்துல எல்லாரும் ஸ்னோவைப் பத்தி தான் பேசியிருக்காங்க, நீங்க கடைசியா போறபோக்குல எழுதின கேம்பர் தான் இதுல பெரிய விஷயம். அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல பெட்ரோல் கணக்கை முடிச்சிடலாம்.

ஹைப்ரிட் மேவரிக்குக்கு இபிஏ (அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு) போட்டிருக்கிற மைலேஜ் கேலனுக்கு சிட்டில 42 மைல், ஹைவேல 33, சேத்துப் பாத்தா 37. ஈகோபூஸ்ட் ஏடபிள்யூடிக்கு சிட்டில 22, ஹைவேல 29, சேத்துப் பாத்தா 25. இந்த நம்பரை நிதானமா பாருங்க, சிட்டில வித்தியாசம் 20 மைல், ஹைவேல வெறும் 4 மைல் தான். ஹைப்ரிட் மிச்சம் பண்றதெல்லாம் பிரேக் புடிக்கிற எடத்துலயும் நின்னு கெளம்புற எடத்துலயும் தான், ஒரே சீரா 70-ல போய்க்கிட்டே இருந்தா அதுக்குப் பெருசா வேலையே இல்ல. 37-க்கும் 25-க்கும் கணக்குப் போட்டா 15,000 மைலுக்கு 195 கேலன் மிச்சம், கேலன் 3.25 டாலர்னு வெச்சா வருஷத்துக்கு 630 டாலர் சொச்சம். முழுக்க ஃப்ரீவேன்னா அதே 15,000 மைலுக்கு 63 கேலன் மிச்சம், 200 டாலர் சொச்சம் தான். உங்க சாயந்திர டிராஃபிக்கை வெச்சுப் பாத்தா நீங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ வருவீங்க. இன்னொண்ணு, குளிர் காலத்துல ஹைப்ரிட் மைலேஜ் நல்லாவே இறங்கும், உள்ள ஹீட்டர் போடணும்னா எஞ்சின் ஓடியாகணும், அதனால சின்ன சின்ன தூரம் போற நாள்ல 30 சதவீதத்துக்கு மேலயும் குறையும்னு அமெரிக்க எனர்ஜி துறையே சொல்லுது. சாதா பெட்ரோல் வண்டியும் குறையும், ஆனா அவ்வளவு இல்ல. ஜனவரி மாசம் 42 வரலையேன்னு பதறி டீலர்கிட்ட ஓடாதீங்க, அது ரிப்பேர் இல்ல.

இப்ப ஸ்னோ. ஏடபிள்யூடி என்ன பண்ணும்னா வண்டி கெளம்பறப்போ, மேட்டுல ஏறறப்போ நாலு சக்கரத்துக்கும் பவர் கொடுத்து தள்ளும். நிக்கிறதுக்கு அது ஒண்ணும் பண்ணாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்துலயும் தான் இருக்கு, ஐஸ்ல உங்களை நிறுத்தறது டயர் ரப்பர். ஏடபிள்யூடி வண்டி சரசரன்னு கெளம்பறதால ரோடு நல்லாத்தான் இருக்குன்னு ஒரு நெனப்பு வந்துடும், அந்த வேகத்தோட போய் சிக்னல்ல பிரேக்கை மிதிக்கும்போது தான் வண்டி நிக்காதுன்னு தெரியும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏன்னா பசங்களை பின் சீட்ல உக்கார வெச்சு ஓட்டறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

பிக்கப்புன்னா பின்னாடி லேசா இருக்கும், பெட்ல, அதாவது பின்னாடி சாமான் ஏத்தற தொட்டில, மணல் மூட்டை போடணும்னு ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்களே, அது பின் சக்கரம் இழுக்கற பெரிய டிரக்குக்குச் சொல்ற யோசனை. மேவரிக் அப்படி இல்ல, கார் மாதிரியே ஒரே பாடியா கட்டினது, எஞ்சின் கனம் முழுக்க முன் சக்கரத்து மேல உக்காந்திருக்கு, இழுக்கறதும் அதே முன் சக்கரம் தான். ஃப்ரண்ட் வீல் மேவரிக்ல பின்னாடி மூட்டை அடுக்கினா முன்னாடி பிடிமானம் அதிகமாகாது, கொஞ்சம் குறையக்கூடச் செய்யலாம்.

கான்டன் பக்கம் தரை சமம், உப்பு போடற வண்டியும் வந்துடும், அதனால நல்ல வின்டர் டயர் போட்ட ஃப்ரண்ட் வீல் ஹைப்ரிட்டே உங்களுக்குப் போதும்னு தைரியமா சொல்வேன். டயர் வாங்கும்போது பக்கவாட்டுல பாருங்க, மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனிப்பூ, அந்த படம் இருக்கணும். எம் பிளஸ் எஸ்னு மட்டும் எழுதியிருந்தா பத்தாது, அது டிரெட் (டயர் மேல இருக்கிற பள்ளக் கோடு) அமைப்பைச் சொல்ற முத்திரை, பனில ஓட்டி சோதிச்சுப் பாத்து கொடுத்தது இல்ல. வெளிய வெப்பநிலை 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனாலே சம்மர் டயர் ரப்பர் கட்டையா ஆயிடும், வின்டர் டயர் அப்பவும் மெத்துனு இருக்கும், அதுல தான் பிடிமானம். தனி ரிம்மோட நாலு வாங்கி வெச்சுட்டா நவம்பர்ல மாத்தி ஏப்ரல்ல கழட்டிக்கலாம், செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும் தான், ஆனா அந்த அஞ்சு மாசமும் உங்க இன்னொரு செட் டயர் தேயாம கராஜ்ல இருக்கும்.

சரி, கேம்பர். ஹைப்ரிட் ஃப்ரண்ட் வீல் மேவரிக் இழுக்கறது 2,000 பவுண்டு, அவ்வளவு தான். பாப்-அப் கேம்பர் 1,600 பவுண்டுன்னு விளம்பரத்துல போட்டிருப்பான், அது காலி எடை. தண்ணி, கேஸ் சிலிண்டர், பேட்டரி, கூலர், நம்ம வீட்டு குக்கர் அடுப்பு பாத்திரம் எல்லாம் ஏத்தினா 2,000 வந்து நிக்கும், அதுக்கு மேல இழுத்தா வண்டிக்கும் ஆபத்து, ரோட்ல போற மத்தவங்களுக்கும் ஆபத்து. ஈகோபூஸ்ட்ல 4,000 பவுண்டு இழுக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க, அது 4கே டோ பேக்கேஜ் போட்ட வண்டிக்கு மட்டும் தான். அந்த பேக்கேஜ்ல டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர், பெரிய ரேடியேட்டர் ஃபேன், வேற கியர் ரேஷியோ எல்லாம் ஃபேக்டரிலயே போட்டு வரும். பின்னாடி ஹிட்ச் (டிரெய்லரைக் கோக்கற கொக்கி) மாட்டியிருக்குன்றதை வெச்சு நம்பிடாதீங்க, ஒரிஜினல் விண்டோ ஸ்டிக்கரை வாங்கி அதுல 4கே டோன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அது இல்லேன்னா அந்த ஈகோபூஸ்ட்டும் 2,000 பவுண்டு வண்டி தான், அப்புறம் அதை எடுக்கறதுக்கு உங்களுக்கு ஒரு காரணமும் இல்ல.

அதனால என் பதில் இது தான். இந்த வாரமே குடும்பத்தோட போய் கேம்பர் பாருங்க. மனசுக்குப் பிடிச்சது சாமானோட 2,000-க்கு மேல போகும்னா, ஸ்டிக்கர்ல 4கே இருக்கிற ஏடபிள்யூடியை எடுங்க. கேம்பர் வேணாம், டென்ட் போதும்னு ஆயிட்டா உங்க மனைவி சொல்ற ஹைப்ரிட்டையே எடுங்க, கூட வின்டர் டயர். ரெண்டும் வேணும்னா 2025 மாடல்ல இருந்து ஹைப்ரிட்லயே ஏடபிள்யூடி வந்துடுச்சு, அதுல 4கே பேக்கேஜும் சேத்துக்கலாம், ஆனா விலை வேற. 2022-ல 20,000 டாலருக்குள்ள ஆரம்பிச்ச வண்டி 2025-ல 26,000-க்கு மேல ஆரம்பிச்சுது, ஏடபிள்யூடி அதுக்கு மேல தனிக் காசு.

எதை எடுத்தாலும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி 17 எழுத்து வின் நம்பரை என்ஹெச்டிஎஸ்ஏ (அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்துல போட்டு ரீகால், அதாவது கம்பெனியே கூப்பிட்டு சரி பண்ணித் தர்ற குறை, பாக்கியிருக்கான்னு பாத்துடுங்க. ஹைப்ரிட்ல இருக்கிற 2.5 லிட்டர் எஞ்சினுக்கே 2022-ல தீப்பிடிக்கற அபாயம்னு ஒரு ரீகால் வந்தது, அதெல்லாம் டீலர் இலவசமா முடிச்சுக் கொடுக்கணும். ஏடபிள்யூடியா இருந்தா நாலு டயரும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானமான்னு குனிஞ்சு பாருங்க. மூணு பழசு ஒண்ணு புதுசுன்னா அந்த ஒரு சக்கரம் மட்டும் வேற வேகத்துல சுத்தும், பின்னாடி பவர் அனுப்பற கிளட்ச்சும் கியரும் ஓயாம தேஞ்சுக்கிட்டே இருக்கும்.

கேள்வி (கொலராடோ வாசகி): சார், டென்வருக்கு மேற்க மலைமேல வீடு. டிரைவ்வே ஜல்லி ரோடு, செங்குத்தா இருக்கும், ஸ்னோ விழுந்தா நாங்களே தான் தள்ளணும். ஹைப்ரிட் ஃப்ரண்ட் வீல் மேவரிக் வாங்கி வின்டர் டயர் போட்டா சமாளிக்கலாமா? மைலேஜ் ரொம்ப ஆசையா இருக்கு.

பதில்: வேணாம்மா. மேல சொன்னது சமதரைக்கு. செங்குத்தா ஏறும்போது வண்டியோட கனம் பின்னாடி சாயும், முன் சக்கரம் லேசாகி சுத்தும், அந்த எடத்துல தான் ஏடபிள்யூடி காசுக்கு வேலை செய்யும். உங்களுக்கு மைலேஜும் வேணும்ன்றதால 2025 மாடல்ல இருந்து வர்ற ஹைப்ரிட் ஏடபிள்யூடிக்குக் காசு சேத்து வெச்சு வாங்குங்க, ஃப்ரண்ட் வீல் ஹைப்ரிட்டை விட மைலேஜ் கொஞ்சம் தான் கம்மி. அதுக்கும் வின்டர் டயர் போடுங்க, ஏறினது இறங்கவும் வேணும் இல்லையா. ஐ-70 ஃப்ரீவேல டிராக்ஷன் சட்டம் (பனி நேரத்துல டயருக்கான விதி) அமல்ல இருக்கும்போது ஏடபிள்யூடி வண்டிக்குக் கூட டிரெட் 3/16 இன்ச் ஆழம் இருக்கணும். ஒரு குவார்ட்டர் காசைத் தலைகீழா டிரெட்ல வெச்சு, வாஷிங்டன் தலை உச்சி தெரிஞ்சா ஆழம் 1/8 இன்ச்சுக்கும் கம்மின்னு அர்த்தம், அதோட மலைக்குப் போகவே கூடாது.

கேள்வி (டெக்சஸ் வாசகர்): டாலஸ்ல இருக்கேன். ஐஸ் ஸ்டார்ம் வருதே, அதுக்காகவாவது ஏடபிள்யூடி எடுக்கலாமா?

பதில்: வேணாம். வருஷத்துல சில நாள் வர்ற ஐஸுக்காக மத்த நாளெல்லாம் சிட்டில 22 மைலேஜ் ஓட்டணுமா? வெறும் ஐஸ்ல ஏடபிள்யூடியும் வழுக்கும், அன்னைக்கு வீட்ல இருங்க. உங்க ஊர் சிக்னலுக்கும் டிராஃபிக்குக்கும் ஹைப்ரிட் தான்.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): ஹைப்ரிட் பேட்டரி போயிட்டா பல ஆயிரம் டாலர் ஆகும்னு சித்தப்பா பயமுறுத்துறாரு. பேட்டரி போச்சுன்னா நம்ம பாடு என்ன?

பதில்: சித்தப்பா அக்கறைல சொல்றாரு, ஆனா முழு எலக்ட்ரிக் வண்டி பேட்டரியை நெனச்சு சொல்றாரு. மேவரிக் ஹைப்ரிட்ல இருக்கிறது 1.1 கிலோவாட் ஹவர் தான், பின் சீட்டுக்குக் கீழ அடங்கிடும். ஹைப்ரிட் பாகங்களுக்கு 8 வருஷம் அல்லது 100,000 மைல் வாரன்டி, முதல் ஓனர் வாங்கின தேதில இருந்து கணக்கு. அதோட கியர்பாக்ஸுக்கு சிவிடின்னு பேர் இருக்கறதால பெல்ட் அறுந்துடும்னும் சிலர் சொல்வாங்க, அதுல பெல்ட்டே கிடையாது, கியரும் ரெண்டு மோட்டாரும் தான். நீங்க பாக்க வேண்டியது வேற, வருஷா வருஷம் ஆயில் மாத்தின ரசீது இருக்கான்னு.

கேள்வி (ஜார்ஜியா வாசகர்): நாலரை அடி பெட்ல 4-க்கு 8 அடி ப்ளைவுட் போகுமா? ஹைப்ரிட்னா பாரம் கம்மியா ஏத்தணுமா?

பதில்: போகும். சக்கர மேடு ரெண்டுக்கும் நடுவுல அகலம் 43 இன்ச்சுக்கும் கொஞ்சம் கம்மி, அதனால தரைல படுக்காது. டெயில்கேட்டை (பெட்டோட பின் கதவை) பாதி தெறந்து நிறுத்தற வசதி இருக்கு, அப்படி நிறுத்தினா அது சக்கர மேட்டு உயரத்துக்கு வரும், பலகை அது மேல சமமா உக்காரும். ஹைப்ரிட்டுக்கும் ஈகோபூஸ்ட்டுக்கும் பாரம் ஏத்தற அளவு ஏறக்குறைய 1,500 பவுண்டு, ஆனா அதுல ஆளுங்களும் சேர்த்தி, டிரைவர் கதவைத் தெறந்தா உள்பக்கம் மஞ்ச ஸ்டிக்கர்ல உங்க வண்டிக்கான சரியான அளவு இருக்கும். பெரியவங்க நாலு பேர் 650 பவுண்டு வந்துட்டா பாக்கி 850 தான், 40 பவுண்டு மல்ச் பைன்னா 21 பை. பலகையை ரெண்டு ஸ்ட்ராப் போட்டு பெட்ல இருக்கிற கொக்கியோட இறுக்கி, வெளிய நீட்டிட்டு இருக்கிற முனைல ஒரு செவப்புத் துணி கட்டிடுங்க.