ஜனவரியில் தெற்கே போக மோட்டார் ஹோம் வாங்கலாமா?

ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எனக்கு 66 வயது, மனைவிக்கு 63. இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். எனக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் இருந்து மார்ச் கடைசி வரை தெற்கே போய் ஒரே இடத்தில் ஆறுதலாக இருக்க ஆசை. 2009ஆம் ஆண்டு மோட்டார் ஹோம் (ஓட்டிச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்று, 25 அடி, விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? அல்லது எங்கள் டொயோட்டா சியன்னா வானிலேயே ஒரு வீட்டு ட்ரெயிலரை இழுத்துப் போகலாமா? புளோரிடாவா, டெக்சாஸா, அரிசோனாவா? ஹெல்த் கார்ட் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ஜனவரிப் பனியில் ஓடலாமா?"

வண்டி விற்பவருக்கு இப்போதைக்குப் பதில் சொல்லாதீர்கள். எத்தனை நாள், என்ன காப்புறுதி, எந்த ஊர் என்ற மூன்றும் முடிவான பிறகுதான் எந்த வண்டி என்பதே தெரியவரும். வண்டியை முதலில் வாங்கியவர்கள் பிறகு அந்த வண்டிக்காக ஊர் தேடுகிறார்கள், அந்த ஊருக்காக உடம்பை வருத்துகிறார்கள்.

ஹெல்த் கார்ட், அதாவது மாகாண மருத்துவக் காப்புறுதி, போய்விடும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். ஒன்ராறியோவில் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 212 நாட்கள் வரை மாகாணத்துக்கு வெளியே இருக்கலாம். உங்களுடையது ஏறக்குறைய 90 நாள். ஆனால் ஒன்று, கோடையில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய் வந்தால் அந்த நாட்களும் இதே கணக்கில்தான் சேரும். அமெரிக்காவில் மூன்று மாதம், ஊரில் நான்கு மாதம் என்று ஒரே வருடத்தில் வைத்தால் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள்.

அமெரிக்க வருமான வரிக்காரர்களின் கணக்கு வேறு. இந்த வருட நாட்கள் முழுதாக, போன வருட நாட்களில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்திய வருட நாட்களில் ஆறில் ஒன்று என்று கூட்டுவார்கள். மொத்தம் 183ஐத் தொட்டால் உங்களை அந்த நாட்டு வரிக் குடியிருப்பாளராக எடுத்துக்கொள்ள இடமுண்டு. வருடா வருடம் 120 நாள் இருந்தால் 120, 40, 20, ஆக 180. ஆகவே 120க்குள் நிற்பவர்களுக்குத் தலையிடி இல்லை. அதைத் தாண்டுகிறவர்கள் 8840 என்ற படிவத்தை ஜூன் 15க்குள் அனுப்பிவைக்க வேண்டும். எல்லையைக் கடக்கும் அரை நாளும் ஒரு நாளாகவே எண்ணப்படும். இரு நாடுகளும் உங்கள் வரவு போக்கைப் பகிர்ந்துகொள்வதால், உத்தேசமாகச் சொல்லித் தப்ப முடியாது.

2025 ஏப்ரலில் இருந்து இன்னொரு விதியும் கடுமையாகிவிட்டது. 30 நாளுக்கு மேல் தங்கும் கனடியர்கள் அமெரிக்காவில் பதிவு செய்திருக்க வேண்டும். தரைவழியாகப் போகிறவர்களுக்கு ஐ-94 என்ற வருகைப் பதிவு தானாகக் கிடைப்பதில்லை. கேட்டு வாங்குங்கள், அது இருந்தால் பதிவு செய்ததாகவே கணக்கு. கனடியக் குடியுரிமை எடுக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவாளராக இருப்பவர்களுக்கு அமெரிக்க வீசாவே தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனிக் காப்புறுதி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தச் சீனி வருத்தமும் பிரஷரும்தான், ஏனென்றால் இந்தப் பயணம் நடக்குமா என்பதே அதில்தான் தங்கியிருக்கிறது. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒன்ராறியோ ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர் தரும், அதுவும் தீவிர சிகிச்சை போன்றவற்றுக்கு. சாதாரண வார்டு என்றால் 200. அமெரிக்காவில் ஒரு இரவுக்கே ஆயிரக்கணக்கில் வரும். ஆகவே தனியார் பயண மருத்துவக் காப்புறுதி இல்லாமல் எல்லையைத் தாண்டவே கூடாது.

அதிலும் எல்லாரும் விழுவது ஒரே குழியில். ஏற்கெனவே உள்ள வருத்தங்கள் புறப்படுவதற்கு முன் 90 நாளோ 180 நாளோ "மாற்றமின்றி" இருந்திருக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும். மாற்றம் என்றால் வருத்தம் கூடுவது மட்டும்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். கம்பனியின் வரைவிலக்கணம் வேறு. டிசம்பரில் வைத்தியர் உங்கள் மெட்ஃபோர்மின் என்ற சீனி மாத்திரையை 500 மில்லிகிராமில் இருந்து 1,000 ஆக்கினால் அது மாற்றம். பல பாலிசிகளில் மாத்திரையைக் குறைத்தாலும் மாற்றம்தான். "எதற்கும் ஒரு ஸ்கான் எடுத்துப் பார்ப்போம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு முடிவு வராமல் நிலுவையில் இருந்தாலும் சிக்கல். பெப்ரவரியில் புளோரிடாவில் நெஞ்சு நோவு வந்து கோரிக்கை வைத்தால், முதலில் புரட்டுவது உங்கள் மருத்துவக் கோப்பைத்தான்.

அதனால் வழக்கமான இரத்தப் பரிசோதனையையும் மருந்து மாற்றத்தையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஜனவரி 5 புறப்படுவது என்றால், 90 நாள் பாலிசிக்கு ஒக்டோபர் தொடக்கத்துக்குள் எல்லாம் நிலைப்பட்டிருக்க வேண்டும். 180 நாள் என்றால் ஜூலைத் தொடக்கத்துக்குள். குடும்ப வைத்தியரிடம் "ஜனவரியில் நீண்ட பயணம் இருக்கிறது" என்று வசந்தத்திலேயே சொல்லிவிடுங்கள். காப்புறுதிக் கேள்விக்கொத்தை ஞாபகத்தில் இருந்து நிரப்பாதீர்கள். உங்கள் மருத்துவக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதைப் பக்கத்தில் வைத்து நிரப்புங்கள். வாங்கிய பிறகு புறப்படுமுன் மருந்து மாறினால் கம்பனிக்கு உடனே தெரிவியுங்கள். கட்டணம் கூடலாம், கூடட்டும்.

மருந்து கையிருப்புக்கும் உங்கள் 90 நாள் வசதியானது. உங்களுக்கு 65 தாண்டிவிட்டதால் ஒன்ராறியோ மருந்துத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 நாள் வரை வாங்கலாம். மனைவிக்கு இன்னும் அந்த வயது வரவில்லை, அவருடைய மருந்துக்குத் தனியாகப் பாருங்கள்.

வீட்டுக் காப்புறுதியையும் மறக்கவேண்டாம். குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டில் குழாய் வெடித்தால், யாரோ ஒருவர் குறித்த இடைவெளியில் வந்து பார்த்திருக்க வேண்டும் அல்லது தண்ணீரை அடைத்து வடித்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகள் கேட்கும். எத்தனை நாளுக்கு ஒருதடவை என்று கேட்டு எழுதி வாங்கி, திறப்பை வைத்திருக்கும் ஆளிடம் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

சரி, எந்த ஊர்? ரொறன்ரோவில் இருந்து நடு புளோரிடா ஏறக்குறைய 2,100 கிலோமீற்றர், டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கு 3,000, அரிசோனாவின் யூமா 3,800. முதல் குளிர்காலத்துக்கு நான் புளோரிடாவைத்தான் சொல்வேன். தூரம் குறைவு, அவசரம் என்றால் விமானத்தில் சில மணித்தியாலத்தில் வீடு. ஆனால் புளோரிடா என்றாலே வெயில் என்று எண்ணி வடக்கு ஓரத்தில் இடம் பிடித்துவிடாதீர்கள். தலஹாசி பக்கம் ஜனவரி இரவுகளில் உறைநிலைக்கே போகும். ஒக்காலாவுக்குத் தெற்கே வாருங்கள். தம்பாவுக்கு அருகே செஃபர்ஹில்ஸ், லேக்லாண்ட் பக்கம் ஆர்வி பார்க்குகள் (வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடங்கள்) நிறைய. தம்பாவில் இராஜகோபுரத்தோடு ஒரு இந்துக் கோயிலும் இருக்கிறது, தைப்பூச நேரம் நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள்.

புளோரிடாவின் குறை, கூட்டமும் விலையும். மாநிலப் பூங்காக்களில் உள்ளூர்வாசிகள் 11 மாதம் முன்பே பதியலாம், வெளியார் 10 மாதம் முன்பு. நல்ல இடங்கள் அந்த முதல் மாதத்திலேயே போய்விடும். எப்படியும் அங்கே இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தங்க முடியாது என்பதால், மூன்று மாதத்துக்குத் தனியார் பார்க்தான். மாத வாடகையில் மின்சாரம் பெரும்பாலும் தனி மீற்றர், கேட்டுக்கொள்ளுங்கள்.

ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில், மக்காலன், மிஷன், வெஸ்லாக்கோ பக்கம், குளிருக்கு வருகிறவர்களை ஊரே எதிர்பார்த்து நடத்துகிறது, செலவும் புளோரிடாவை விடக் குறைவு. ஆனால் வடக்கில் இருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்க இடையில் மலை கிடையாது. 2021 பெப்ரவரி உறைபனி அங்கேயும் எட்டியது.

அரிசோனாவில் வரைபடத்தை விட உயரத்தைப் பாருங்கள். யூமா கடல்மட்டத்தில் இருந்து சில பத்து மீற்றர்தான், ஜனவரிப் பகலில் 20 டிகிரியைத் தாண்டும். டூசான் 700 மீற்றருக்கு மேல், இரவு நன்றாகக் குளிரும். ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீற்றர், அங்கே பனியே கொட்டும். குவார்ட்ஸைட்டில் செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரச பாலைவன நிலத்தில் ஒரே அனுமதிச் சீட்டில் குறைந்த செலவில் தங்கலாம். மிக அழகான இடம். ஆனால் உங்கள் தளத்துக்கு மின்சாரக் கம்பியோ தண்ணீர்க் குழாயோ கழிவுக் குழாயோ வராது. சூரியத் தகடும் பற்றரியும் கைவந்த பிறகு போகலாம், முதல் வருடத்துக்கு வேண்டாம்.

இப்போது வண்டிக்கு வருவோம். ஒரே இடத்தில் ஆறுதலாக இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானவருக்கு மோட்டார் ஹோம் பொருந்தாது. அது ஊர் ஊராகப் போகிறவருக்கான வண்டி. மூன்று மாதம் நிறுத்திவிட்டால், பால் வாங்கப் போவதற்கும் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் கழற்றி 25 அடி வீட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். இல்லையென்றால் பின்னால் ஒரு காரையும் இழுக்கவேண்டும். எரிபொருளும் 100 கிலோமீற்றருக்கு 25 முதல் 30 லீற்றர் குடிக்கும். உங்கள் ஜி லைசென்ஸ் அதற்குப் போதும், அது பிரச்சினையே இல்லை. 2009 என்பதுதான் பிரச்சினை. பல பார்க்குகள் பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை ஏற்பதில்லை, அல்லது படம் அனுப்பச் சொல்லித் தீர்மானிப்பார்கள்.

சியன்னாவால் இழுக்கக்கூடியது 3,500 இறாத்தல். இரண்டு பேர் மூன்று மாதம் வாழக்கூடிய ட்ரெயிலர், தண்ணீரும் சாமானும் ஏற்றியதும் 5,500ஐத் தாண்டிவிடும். அதற்கு ஒரு பிக்கப் வேண்டும். ஆகவே அதுவும் இல்லை.

என் யோசனை இதுதான். இந்தக் கோடையில் ஒரு கிழமைக்கு ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்து ஒன்ராறியோவுக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். கழிவுத் தொட்டியை நீங்களே திறந்து வடியுங்கள், கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியை முதலில், குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டியைப் பிறகு, அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவும். உள்ளே கடுகு தாளித்துப் பாருங்கள், புகை மணி அடிக்கும். அதனால்தான் பலர் வெளியே ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொள்கிறார்கள். மனைவியும் ஓட்டிப் பார்க்கட்டும். பிறகு ஜனவரியில் சியன்னாவிலேயே போய், பார்க்குக்குள் நிரந்தரமாக நிற்கும் பார்க் மொடல் வீடொன்றை மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். அதே பார்க், அதே அயலவர், வண்டித் தொல்லை மட்டும் இல்லை. பேரப்பிள்ளைகள் மார்ச் விடுமுறைக்கு வருவதாக இருந்தால், 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பார்க்குகளில் பிள்ளைகள் எத்தனை இரவு தங்கலாம் என்று முன்பே கேளுங்கள்.

குளிர்காலக் கடைசியில் அங்கேயே விற்பனைக்கு வரும் ட்ரெயிலர்களைப் பார்ப்பீர்கள். வாங்கத் தோன்றினால், கூரை மூலைகளிலும் அலுமாரிக்குள்ளும் தண்ணீர்க் கறை தேடுங்கள், தரையை மிதித்துப் பாருங்கள், மெத்தென்றால் அடியில் உளுத்திருக்கிறது. டயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அதைச் செய்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஆறேழு வருடம் ஆன டயரை, பூ தேயாமல் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

எல்லையில் சாப்பாட்டுச் சாமான் பற்றி ஒரு வார்த்தை, நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. அந்த இலையில் வாழும் ஒரு சிறு பூச்சிதான் தோடை மரங்களைக் கொல்லும் நோயைக் காவுகிறது. 2005இல் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நோய் அங்கேயுள்ள தோட்டங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. இந்திய, இலங்கை அரிசி மூட்டையும் தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டுக்காகத் தடை, ஸ்காபரோவில் வாங்கியது என்று சொன்னாலும் பையில் உள்ள நாட்டின் பெயரைத்தான் பார்ப்பார்கள். விறகும் வேண்டாம். கொண்டுபோயிருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம். அரிசி தம்பாவிலும் கிடைக்கும்.

ஜனவரிப் பயணம் காரில் என்றால், பனிக்கால டயரோடு வின்சர் வழியாக ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்து, புயல் எச்சரிக்கை இருந்தால் ஒரு நாள் பிந்திப் புறப்படுங்கள். கென்ரக்கி, டெனசி எல்லையில் ஜெலிக்கோ மலைப்பகுதியைப் பகலில் கடப்பது நல்லது. பின்னொரு வருடம் சொந்த ட்ரெயிலரோடு போனால், குழாய்களில் தண்ணீரே இல்லாமல் புறப்பட வேண்டும். சுடுநீர்த் தொட்டியை வடித்து, அதைத் தவிர்த்துப் போகும் வால்வைத் திருப்பி, ஆர்விக்கான பிங்க் நிற உறைதடுப்புத் திரவத்தைப் பம்பால் ஏற்றி, ஒவ்வொரு பைப்பிலும் சுடுதண்ணீர்ப் பக்கமும் பச்சைத்தண்ணீர்ப் பக்கமும் பிங்க் வரும்வரை திறந்துவிட வேண்டும். ஷவரையும் கழிப்பறையையும் மறந்துவிடுவார்கள், உடைவதும் அவைதான். முதல் இரண்டு இரவும் மோட்டல். ஜோர்ஜியாவின் தெற்கே போன பிறகு, 15 கலன் தண்ணீருக்குக் கால் கப் பிளீச் கலந்து குழாய்களில் நிரப்பிச் சில மணித்தியாலம் விட்டு, மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். மார்ச் கடைசியில் திரும்பும்போதும் ஒன்ராறியோவில் இரவுகள் உறையும் என்பதால், டெனசியை விட்டு வடக்கே ஏறுமுன் மறுபடியும் வடித்து பிங்க் ஏற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.