மாதம் ஒருமுறை போடும் ஊசி மருந்துக்கு எப்போதெல்லாம் ரத்தம் எடுக்க வேண்டும்?

ரத்தத்தில் மருந்தின் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கும் ஆய்வில், மாத்திரைக்குச் செய்வதைப் போல முதல் ஓரிரு நாளிலேயே நிறைய ரத்த மாதிரிகள் எடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முதல் நாளில் சில மாதிரிகள் வேண்டும். ஊசி போட்டதும் மருந்து மொத்தமாக ரத்தத்தில் கலந்துவிடுகிறதா என்று அதில்தான் தெரியும்.

மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒருமுறை தசையில் போடும் பாலிபெரிடோன் பால்மிடேட் என்ற ஊசி மருந்தைப் பாருங்கள். ரத்தத்தில் உச்ச அளவு வரவே சுமார் 13 நாள் ஆகும். அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 25 முதல் 49 நாள். அதனால் இரண்டாவது வாரத்தை ஒட்டி நெருக்கமாகவும், அப்புறம் வாரக்கணக்கில் இடைவெளி விட்டும் சில மாதங்கள் எடுக்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால், மருந்தின் அளவைக் காட்டும் வரைபட வளைவில் கடைசியாக மெல்ல இறங்கும் வால் பகுதி கிடைக்காது, அரை ஆயுள் கணக்கே பிசகிவிடும். அந்த வால் காட்டுவது உடல் மருந்தை வெளியேற்றும் வேகத்தை அல்ல. தசையிலிருந்து மருந்து மெல்லக் கரைந்து வரும் வேகத்தை. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பங்கேற்பவர் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சரி, எடுத்த தேதியையும் நேரத்தையும் அப்படியே பதிவு செய்யுங்கள். நிறைய நோயாளிகள் பங்கேற்கும் ஆய்வு என்றால் ஆளுக்குச் சில மாதிரிகளே போதும். வெவ்வேறு நாட்களில் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே கணித மாடலில் சேர்த்துவிடலாம். அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுக்கும் மாதிரியை மட்டும் யாரிடமும் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.